இரட்டை மூக்குப் பேனாவின் இங்கிலீஷ் பெயர்

இரட்டை மூக்குப் பேனாவுக்கு இங்கிலீஷில் பெயர் வைத்து முத்திரை குத்திய மறுநாள், பழைய ஊரின் சந்துகள் எல்லாம் வாய்க்கால் ஆகிவிட்டன. கதவைத் திறந்தவர்கள் வாசற்படியில் தண்ணீரைப் பார்த்தார்கள். குழாய் உடைந்து தேங்கிய தண்ணீர் மாதிரி அது இல்லை. இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கரை இருந்தது, கல்லில் பல வருடத்துப் பாசி இருந்தது, பாசியில் நத்தை ஒட்டியிருந்தது, இடுப்பளவு தண்ணீரில் விரல் நீள மீன்கள் வேலைக்கு நேரமாகிவிட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தன. குடிநீர் வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இது எங்கள் தண்ணீர் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். அதற்கு மேல் அவருக்குப் பொறுப்பு கிடையாது. மத்தியானத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. பால்காரர் பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார்ந்து துடைப்பக்கட்டையால் துழாவிக்கொண்டு வந்தார். முடிவெட்டுகிறவர் நாற்காலியை ஒரு படி மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டு, வெட்டிய முடியை நேராகத் தண்ணீரில் தள்ளி, பெருக்குகிற வேலை மிச்சம் என்றார். ஆனால் புது ஊரின் அகலச் சாலைகளில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதுதான் எல்லார் மனதிலும் முள்ளாகத் தைத்தது. தானாக வருகிற தண்ணீர் எல்லாருக்கும் வரும். ஆள் பார்த்து வருகிற தண்ணீரை யாரோ அனுப்பியிருக்க வேண்டும்.

சந்தேகப்படுவதில் அந்த ஊருக்கு நல்ல பயிற்சி உண்டு. முதலில் குடிநீர் வாரியத்து ஆளைச் சந்தேகப்பட்டார்கள்: துப்பினாரே, ஏன் விழுங்கவில்லை? அப்புறம் பிளாஸ்டிக் சாமான் கடைக்காரரை: இத்தனை தொட்டியை எப்போது வாங்கி அடுக்கினார்? அப்புறம் பால்காரரை, இவ்வளவு சீக்கிரம் துழாவக் கற்றுக்கொண்டாரே என்று. இப்படியே சுற்றிக்கொண்டு வந்த சந்தேகம் கடைசியில் ஊசிச் சந்துக்குள் நுழைந்து, மூட்டை தூக்குகிறவரின் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவருடைய மகள் நகர வரைபட அலுவலகத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ஏதோ ஒரு பெயர் விஷயமாக அவள் கையெழுத்துப் போட்டாள் என்று செய்தி. அவள் போடவில்லை. ஆனால் அந்தச் சந்தில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் அவள் என்பதால், ஊரில் எங்கே கையெழுத்து விழுந்தாலும் அது அவளுடையதுதான் என்பது சந்துக்காரர்களின் முடிவு. படிக்காதவர்கள் தப்பு செய்தால் தெரியாமல் செய்தார்கள் என்பார்கள். படித்தவள் தும்மினால்கூட அதற்கு ஓர் உள்நோக்கம் இருக்கும்.

அலுவலகத்தைப் பற்றியும் பேனாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அலுவலகம் ஒரு பழைய மாடிக் கட்டடம். வரைகிற கைக்கு நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல்களை எல்லாம் ஒரே பக்கமாக வைத்துக் கட்டியிருந்தார்கள், அதனால் அந்தப் பக்கம் குளிரும், மறுபக்கம் புழுங்கும். உள்ளே சாய்வான வரைபலகைகள், உயரமான முக்காலிகள், ஊரின் அத்தனை வரைபடங்களும் படுத்திருக்கிற அகலமான இழுப்பறைகள். ஓர் அலமாரியில் நீல வெல்வெட் பதித்த பெட்டி. அதற்குள் ஸ்வீடனிலிருந்து என்றைக்கோ வரவழைத்த எஃகுக் கருவிகள். காம்பஸ் இருந்தது, டிவைடர் இருந்தது, அவற்றுக்கு நடுவே ஒரே கைப்பிடியில் இரண்டு மூக்கு வைத்த பேனா ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மெல்லிய இதழ்கள், இதழ்களுக்கு நடுவே ஒரு துளி மை நிற்கும், பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. அளவுகோலை அணைத்து ஒரே இழுப்பு இழுத்தால் இரண்டு கோடுகள் வரும், கடைசிவரை ஒன்றையொன்று தொடாமல், விட்டும் விலகாமல். நடுவில் மிஞ்சுகிற வெள்ளைத் தாள்தான் சந்து. பழைய ஊரின் ஒவ்வொரு சந்தும் அந்தப் பேனாவால் இழுக்கப்பட்டதுதான். குடோன் முதலாளியின் பெரிய குடோனுக்கு ஆள் பருமனுக்கு மதில்கள் எழுப்பியபோது, அந்த மதில்களையும் உள்தடுப்புச் சுவர்களையும் அதே பேனாவால்தான் வரைந்தார்கள். புது ஊர் பிற்பாடு வந்தது. அதை வேறு பேனாக்களால் போட்டார்கள்.

ஆபீஸ் கருவிகளை ஊழியர்கள் விற்றுவிடுவார்கள் என்று பயந்த ஒரு பழைய அதிகாரி, எந்தப் படமானாலும் அதன் வலது கீழ் மூலையில் எந்தக் கருவியால் வரையப்பட்டது என்று எழுத வேண்டும் என உத்தரவு போட்டிருந்தார். அந்த அதிகாரி போய்விட்டார், உத்தரவு போகவில்லை. இரட்டை மூக்குப் பேனாவின் கைப்பிடியில் செதுக்கியிருந்த ஸ்வீடிஷ் சொல்லை, வாசிக்கத் தெரியாமலே, பூ வரைகிற மாதிரி பார்த்துப் பார்த்து மூலையில் வரைந்து வைத்தார்கள். அது என்ன என்று யாருக்கும் தெரியாத காலம் முழுக்க சந்துகள் சந்துகளாகவும் மதில்கள் மதில்களாகவும் ஒழுங்காக இருந்தன. அப்புறம் மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது: எல்லா மூலைகளும் இங்கிலீஷில் இருக்க வேண்டும், புரியாத எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. புரியாதது என்றாலே மேலிடத்துக்கு ஒரு நடுக்கம். காம்பஸுக்கும் டிவைடருக்கும் பெயர் கிடைத்துவிட்டது. இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. ஸ்வீடிஷ் தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது.

அவள் ஸ்வீடிஷ் படித்தது ஆசைப்பட்டு இல்லை. மூட்டை தூக்குகிறவர் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன நாளில் மற்ற எல்லாப் பிரிவுகளும் நிரம்பியிருந்தன, அந்த ஒரு பிரிவில் மட்டும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. காலி இடம்தான் அவர்கள் வீட்டுக்கு எப்போதும் கிடைத்திருக்கிறது. என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் சொன்னால், இனிப்பு செய்கிற படிப்பா என்று கேட்டார்கள். அவளுக்கு ஸ்வீடன் என்றே பெயர் விழுந்தது. ஒரு முறை விளக்குவாள், இரண்டாம் முறை முறைப்பாள். வேலை கிடைத்த அன்று அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அந்தக் கட்டடத்தைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

சூப்பிரண்டு அவளைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்தே சந்தேகப்பட்டார். அவள் சொல்வது சரியா என்று பார்க்க ஊரில் வேறு யாருக்கும் ஸ்வீடிஷ் தெரியாது. யாராலும் சரிபார்க்க முடியாத ஒன்றை மூட்டை தூக்குகிறவரின் மகள் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு வயிற்றில் கல்லாகக் கிடந்தது. காலையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார், சாயங்காலம் தெரியாத மாதிரி மறுபடி கேட்பார், இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் என்பார். அவள் கொண்டுவந்த அகராதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எந்த அச்சகத்தில் அடித்தாய் என்று கேட்டார். அவள் பேனாவை எடுத்து மை விட்டு ஒரு தாளில் இழுத்துக் காட்டினாள். சொல்லில் மூன்று துண்டுகள்: இரட்டை, இழுப்பு, முள். ‘டபுள் ரூலிங் பென்’, இரட்டைக் கோட்டுப் பேனா, என்று போட்டால் போதும் என்றாள். டபுள் என்றால் தணிக்கைக்காரர்கள் எதற்கு இரண்டு என்று கேட்பார்கள் என்று சூப்பிரண்டு சொன்னார். தவிர, இரண்டு கோட்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லவே இல்லையே, எதையோ மறைக்கிற பெயராக இருக்கிறதே என்றார்.

ஆகவே குழு போட்டார்கள். குழுவில் ஸ்வீடிஷ் தெரியாதவர்கள் மட்டும் இருந்தார்கள், அப்போதுதான் பாரபட்சம் இருக்காது. தலைமை வரைவாளரும் இருந்தார். அவருக்கு ரப்பர் என்று பட்டப்பெயர். ஒன்றைச் சொல்லுவார், எதிரே இருப்பவர் முகம் மாறினால் உடனே அழித்துவிடுவார். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு: எதில் குழப்பம் வந்தாலும் இழுப்பறையைத் திறந்து, மேலாகக் கிடக்கிற படத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். கீழே இருக்கிறவற்றைப் புரட்டினால் தூசி. அன்றைக்கு மேலாகக் கிடந்தது, கட்டப்படாமலே போன ஒரு வாய்க்கால் திட்டத்தின் படம். அதன் மூலையிலும் அந்த ஸ்வீடிஷ் சொல். தீர்ந்தது. ‘கெனால் பென்’, வாய்க்கால் பேனா, என்று எழுதினார்கள், எல்லா மூலைகளிலும் அதையே எழுத வைத்தார்கள், முத்திரை குத்தினார்கள். அவள் ஆட்சேபம் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. சந்துகளோடு குடோனின் மதில்களும் தண்ணீராகிவிட்டன. குடோன் இருந்த இடத்தில் மூட்டைகள் மலை மலையாக, நாலு பக்கமும் தண்ணீர் சூழ, கூரையைத் தாமே தாங்கிக்கொண்டு நின்றன. கூரை விழவில்லை. ஏன் விழவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அவளுடைய அப்பாவும் மற்றவர்களும் இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், கூலி அதே கூலி. தண்ணீர் எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று கணக்குப் பார்த்து, அதை ஒரு பேனாவில் கொண்டுவந்து முடிச்சுப் போட்ட முதல் ஆள் குடோன் முதலாளிதான். சொத்துள்ளவனுக்குச் சந்தேகம் கூர்மை. அவர் ஒரு பிஸ்கட் டின்னோடு சூப்பிரண்டைப் பார்க்க வந்தார். சூப்பிரண்டு பெயருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார், டின்னை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழைய வெளிநாட்டு விலைப்பட்டியலை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

பட்டியலில் படத்தோடு இருந்தது. அதே பேனா, அதே இரண்டு மூக்குகள். கீழே இங்கிலீஷில் ‘ரெயில்ரோடு பென்’ என்று அச்சடித்திருந்தது. சூப்பிரண்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேசையில் போட்டார். இதைத்தான் நீ இத்தனை நாளாக மறைத்தாயா என்று கேட்டார். அப்படியும் சொல்வார்கள் என்று தனக்குத் தெரியும், ரயில் பாதை வரைகிறவர்கள் வைத்த பெயர் அது, ஸ்வீடிஷ் சொல்லில் ரயில் கிடையாது என்று அவள் சொன்னாள். தெரியும் என்று ஒத்துக்கொண்டதை மட்டும் அவர் காதில் வாங்கிக்கொண்டார். மூலைகளை எல்லாம் சுரண்டித் திருத்தினார்கள்.

காலையில் தண்ணீர் இல்லை. தண்டவாளம் இருந்தது. சந்தின் அகலத்துக்கு ஏற்ற ஒடுக்கமான ரயில்கள், கதவுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை இடைவெளி விட்டு, நேரம் தவறாமல் ஓடின. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்டால் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்கள். ஊசிச் சந்தில் அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு ஆறவைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போவதும், மறுநாள் அதே நேரத்துக்குக் கழுவித் திருப்பி வைத்துவிட்டுப் போவதும் சாதாரணமாயிற்று. பெண்கள் இரண்டு ரயில்களுக்கு நடுவே துணி உலர்த்தினார்கள். பிள்ளைகளைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். முடிவெட்டுகிறவர் ரயில் வரும் சத்தம் கேட்டால் கத்தியை எடுத்துவிட்டு, போனதும் மறுபடி வைத்தார், அதனால் பாதித் தலைகள் ஒரு மாதிரியும் பாதித் தலைகள் வேறு மாதிரியும் இருந்தன. குடோனைச் சுற்றியும் ரயில் ஓடியது. ஒவ்வொரு ரயிலும் தன் மூட்டையில் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது என்று முதலாளி நம்பினார். மூட்டைகள் குறையவில்லை, ஆனால் அவர் நம்பிக்கையும் குறையவில்லை. பருவங்கள் மாறின. இரண்டாம் முறையும் இப்படி ஆன பிறகு, பெயரைத் தொட்டால் ஊர் மாறும் என்பதை நம்பாதவர்கள் மிச்சமில்லை. பழைய ஸ்வீடிஷ் சொல்லையே திருப்பிப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கு மேலிடத்தின் அனுமதி வேண்டும், அனுமதி கேட்டால் தப்பு நடந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சூப்பிரண்டு சொன்னார்.

முதலாளிக்குத் தன் மதில்கள் வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்: பேனாவுக்குச் ‘சுவர்ப் பேனா’ என்று பெயர் வைக்க வேண்டும். அகலச் சாலைக்காரர்கள் ஆமோதித்தார்கள். தண்ணீரில் கொசு வந்தது, ரயிலில் சத்தம் வருகிறது, சுவர் சும்மா இருக்கும் என்றார்கள். சும்மா இருக்கிற சுவர் யார் வாசலில் நிற்கும் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பழைய ஊரின் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. ஒரு கதவுதான், அது சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். சந்து சுவரானால் கதவைத் திறந்தால் செங்கல். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே. ஊசிச் சந்தில் இப்போதே சிலர் கூரை ஓடுகளைப் பிரித்து ஏணி வைத்துப் பார்த்தார்கள்.

அவள் சூப்பிரண்டின் அறைக்குப் போய், ‘லேன் பென்’, சந்துப் பேனா, என்று போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“உன் வீடு எங்கம்மா இருக்கு?”

“ஊசிச் சந்துல சார்.”

“அதானே பார்த்தேன். நேத்து வரைக்கும் ஸ்வீடிஷ் பேசின வாய், இன்னிக்கு வீட்டு விலாசம் பேசுது.”

தான் சொன்னதாலேயே இனி அந்தப் பெயரை இந்த மனிதர் வைக்கவே மாட்டார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது நாவில் இருக்கும் வரைக்கும் நல்ல பெயராக இருந்தது. வெளியே வந்ததும் கெட்டுவிட்டது.

வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. அவள் உள்ளே நுழைந்தால் அப்பா செருப்பைத் தேடுவார். பக்கத்து வீட்டில் இருக்கிற சித்தி, அம்மாவின் தங்கை, முன்பெல்லாம் கேட்காமலே உள்ளே வந்து பானையைத் திறந்து பார்க்கிறவள், இப்போது வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாள். அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லி அலுவலகத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சந்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். பெயர் சுவர் என்று முடிந்து அவள் சான்று கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று சூப்பிரண்டு சாடைமாடையாகச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் வதந்தி எப்போதும் உண்மைக்கு அரை அடி முன்னால் நடக்கும்.

அம்மா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் கேட்டாள்.

“போட்டியா?”

“போடலம்மா.”

“போடுவியா?”

“என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதா உனக்கு?”

“எனக்கென்னடி தெரியும். உன்னப் படிக்க வெச்சதே எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியணும்னுதான். இப்ப உனக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியல.”

ரயில் போயிற்று. தட்டு கொஞ்சம் நகர்ந்தது. இரண்டு பேருமே அதைப் பிடிக்கவில்லை.

பெயரை முடிவு செய்யும் கூட்டம் வரைபட அறையிலேயே நடந்தது. வரைபலகைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சூப்பிரண்டு நடுவில், முத்திரை கையெட்டும் தூரத்தில். ரப்பர் ஒரு முக்காலியில் பாதி உட்கார்ந்திருந்தார். குடோன் முதலாளி சுவரோரம் நல்ல நாற்காலியில். சந்துகளின் சார்பாகச் சித்தியும் முடிவெட்டுகிறவரும் வந்து நின்றார்கள், உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சூப்பிரண்டு வழக்கம்போல முதலில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவள் என்ன சொன்னாலும் அதைச் சந்தேகப்பட்டுவிட்டுப் பிறகு வேலையை ஆரம்பிப்பது அவர் முறை.

“சுவர்ப் பேனா சார்,” என்றாள் அவள். “அதுல சந்தேகமே இல்ல.”

சித்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சூப்பிரண்டும் பார்த்தார்.

“இத்தனை நாளா இரட்டை, இரட்டைன்னே.”

“சரியாப் படிக்கல சார் அப்ப.”

“போன வாரம் சந்துன்னே.”

“அது என் வீட்டுக்காகச் சொன்னது. இன்னிக்கு உண்மையச் சொல்றேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். இப்பவே போடறேன், தாளக் குடுங்க.”

கையை நீட்டினாள். நீட்டிய கையைச் சூப்பிரண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். சொந்த வீட்டுக்காகப் பொய் சொல்கிறவர்கள் சகஜம், அவர்களை அவர் மன்னித்துவிடுவார். சொந்த வீட்டு வாசலில் சுவர் வைக்கச் சொல்லி அவசரப்படுகிறவளை இப்போதுதான் பார்க்கிறார். அப்படி ஒருத்தி பேசுகிறாள் என்றால் பின்னால் எவனோ இருக்கிறான். அவர் கண் மெதுவாகச் சுவரோர நாற்காலிக்குப் போயிற்று. முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு நிறுத்திக்கொண்ட மனிதர், இந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்திருப்பார்?

“நீங்க இந்தப் பொண்ணத் தனியாப் பார்த்தீங்களா?”

“நானா? இவ யாருன்னே எனக்குத் தெரியாதே,” என்றார் முதலாளி. அது சத்தியமான உண்மை. அவள் அப்பா அவருடைய மூட்டைகளை இருபது வருடமாகச் சுமக்கிறார், அவளை அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த உண்மையைவிடப் பொய்யாகத் தோன்றக்கூடிய ஒன்றை அன்றைக்கு அவர் சொல்லியிருக்கவே முடியாது.

சூப்பிரண்டு ரப்பரின் பக்கம் திரும்பினார். இந்தப் பேனாவை எதற்கு அதிகமாகப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். ரப்பர் முதலாளியைப் பார்த்தார், சூப்பிரண்டைப் பார்த்தார், இருவரில் யார் முகம் அதிகம் கறுத்திருக்கிறது என்று எடை போட்டார்.

“சந்துக்குத்தான் சார் அதிகம். மதிலும் ஒண்ணு ரெண்டு...”

“அது தப்பு சார்,” என்றாள் அவள். பக்கத்து வரைபலகையில் கையால் தட்டினாள். “அவருக்கு ஸ்வீடிஷ் தெரியாது. சுவர்னு போடுங்க. முதலாளிகிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

முதலாளி எழுந்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சூப்பிரண்டு உட்காருங்கள் என்று கையைக் காட்டினார், ‘லேன் பென்’ என்று எழுதினார், முத்திரையை எடுத்து ஒரு குத்து குத்தினார். இத்தனை வருட சர்வீஸில் தன்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். சித்தி அவளைக் கடந்து போகும்போது முகத்தைப் பார்க்கவில்லை. கீழே தெருவில் இறங்கியதும் முடிவெட்டுகிறவரிடம் மட்டும், “எங்க அக்கா வயித்துல இதுவா பொறந்துச்சு,” என்றாள்.

காலையில் சந்துகள் சந்துகளாக இருந்தன. தண்டவாளம் போன இடத்தில் புழுதியும், புழுதியில் நாய்களும், நாய்கள் நேற்றும் அங்கேயேதான் படுத்திருந்தன என்கிற மாதிரி. பால்காரர் நடந்து வந்தார். கதவுகள் திறந்தன, மூடின, திறந்தன. காரணமில்லாமல் சிலர் வெளியே வந்து சந்து முனை வரை போய்த் திரும்பினார்கள். குடோனின் மதில்களும் சந்தாகிவிட்டன. நாலு பக்கமும் பொதுவழி, உள்தடுப்புச் சுவர்கள் இருந்த இடத்தில் குறுக்குச் சந்துகள், நடுவே மூட்டைகள் வீடுகள் மாதிரி. முதலாளி கதவுகள் போட்டுப் பூட்டிப் பார்த்தார். பொதுவழியை அடைக்கக் கூடாது என்று நகராட்சி வந்து கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிற்று. பெயரை மாற்றச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தார். அந்த ஆளும் அந்தப் பெண்ணும் சேர்ந்து செய்த சதியை முறியடித்தவன் நான் என்று சொல்லி சூப்பிரண்டு ஓய்வுபெறும் வரை எல்லா மனுக்களையும் நிராகரித்தார். அடுத்து வந்தவர், முன்னவர் இவ்வளவு பிடிவாதமாக நிராகரித்திருந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று தானும் நிராகரித்தார்.

அவளை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். நம்பத்தகாதவர் என்று எழுதி அனுப்பினார்கள். இப்போது அவள் மடக்கு மேசைகளோடும் அலமாரிகளோடும் பெட்டியில் வருகிற குறிப்புத் தாள்களை மொழிபெயர்க்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று எழுதுகிறாள், யாரும் சந்தேகப்படுவதில்லை, மேசைகள் நிற்கின்றன.

கூட்டத்தில் நடந்ததைச் சித்தி சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை: நம் வாசலில் சுவர் வைக்கச் சொன்னாள், பலகையில் தட்டிச் சொன்னாள், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். நல்லவேளை, அந்த சூப்பிரண்டு நல்ல மனுஷர். அவளால் மறுக்க முடியாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரே ஒருவரிடம் சொன்னாலும் அது சந்தைத் தாண்டும், அகலச் சாலையைத் தாண்டும், வடக்கோ தெற்கோ சுற்றிக்கொண்டு அலுவலக மாடி ஏறும், ஏறினால் மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் செங்கல். அம்மா ஒரு முறை கேட்டாள். “ஏண்டி அப்படிச் சொன்னே?” சொல்லணும்னு தோணிச்சு என்றாள் அவள். அன்றிலிருந்து கதவோரம் அம்மாதான் படுக்கிறாள், மகளை அந்தப் பக்கம் படுக்க விடுவதில்லை. அப்பா குடோன் சந்துகளில் மூட்டை சுமக்கிறார். பொதுவழியில் சுமப்பதால் இப்போது முதலாளி அதட்டினால் போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கிறார்கள், அதனால் அதட்டல் குறைந்திருக்கிறது. இதை அவர் வீட்டில் சொன்னபோது மகள் இருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

குடோன் சந்துகளில் விளக்குப் போட்டாகிவிட்டது. தபால்காரர் அந்த வழியாகத்தான் சுருக்காகப் போகிறார். ஊசிச் சந்தில் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், கால்களை மடக்கிக்கொள்கிறார்கள். அவள் போக வேண்டும், சந்து அவ்வளவு குறுகல்.